பாவாயி அத்தையின் இரண்டு மனுக்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். பாவாயி அத்தைக்காக நான் இதற்கு முன் இரண்டு மனுக்கள் எழுதியிருக்கிறேன். முதல் மனுவில் ஒரு பொய்யான வாக்கியம் இருந்தது. அது நானாகச் சேர்த்தது. இரண்டாவது மனுவிலும் ஒன்று இருந்தது. அது அவர் சொல்லி நான் எழுதியது. இது மூன்றாவது. படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க அவர் இல்லை. ஆகையால் இன்னும் கவனமாக எழுத வேண்டும்.

சேலத்தில் நான் தங்கிப் படிக்கும் விடுதிக்கு அப்பாவின் கார்டு புதன்கிழமை வந்தது. "பாவாயி நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து வெள்ளிக்கிழமை காலமானாள். அடக்கம் ஆகிவிட்டது. நீ வர வேண்டாம், பரீட்சைக்குப் படி. நம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவளைப் பற்றி எழுதி அனுப்பு" என்று இருந்தது. கார்டை இரண்டு முறை படித்தேன். பிறகு கணக்கு வகுப்புக்கு மணி அடித்தார்கள், போனேன்.

வெண்ணந்தூரில் அவரை அறியாதவர் இல்லை. ஆனால் இந்தப் பத்திரிகை ராசிபுரம் வரை கைமாறிப் போகிறது என்பதால் சொல்லிவிடுகிறேன். எங்கள் தறித் தெருவுக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் அவருக்கு இருந்தன. கணவர் இறந்தபின் தனியாகவே பயிர் செய்தார். குழந்தைகள் இல்லை. உடன்பிறந்தவர் தம்பி சின்னப்பன் ஒருவர்தான். மாட்டு வண்டியில் சேலத்திலிருந்து கடைகளுக்குச் சரக்கு ஏற்றி வருபவர். பாவாயி என் அப்பாவை அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் எழுத வேண்டுமானால் என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு முறை மேச்சேரியிலுள்ள உறவினருக்கு, அவர் கொடுத்த செம்மறி ஆட்டைப் பற்றி எழுதச் சொன்னார். நான் வழக்கம்போல, 'தாங்கள் கொடுத்த ஆடு நலமாக இருக்கிறது' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"இது நீ பாத்ததா, கேட்டதா, நெனச்சதா அம்மிணி?" என்றார்.

"நலமாத்தானே இருக்கும் அத்தை?"

"போய்ப் பாத்துப்போட்டு வந்து எழுது."

பட்டிக்குப் போய்ப் பார்த்தேன். ஆடு பின்னங்காலை நொண்டியது. கடிதத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, 'ஆடு நொண்டுகிறது' என்று எழுதினோம். அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டார். அப்போது எனக்கு அது தொந்தரவாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

சண்டையில் பர்மா ஜப்பான்காரர் கைக்குப் போனபின் மண்ணெண்ணெய் விலை ஏறியது. முன்பு ஒரு புட்டிக்குக் கொடுத்த காசு அரைப் புட்டிக்கும் போதவில்லை. பிறகு காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. ரேஷன் கார்டு காட்டி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்தால் தறிகள் நின்றுவிடும். வாசகசாலையில் இதைப் பற்றித்தான் தினமும் பேச்சு. அப்பா அதன் செயலாளர். நான் செய்தித்தாளை உரக்கப் படிப்பேன். அவர்கள் இடையில் நிறுத்தி வாதம் செய்வார்கள். அசாமில் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுக்கிறார்கள், நம் மண்ணையும் சர்க்கார் துளைத்துப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி.

ஒரு நாள் அத்தை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்கண்ணா, பூமிக்குள்ள இருக்கறது அப்பறம். மேல இருக்கறதப் பாக்கமாட்டீங்களா? என்ற வேலி பூரா கொட்டமுத்து நிக்குது. ஆட்டி எரிச்சா எரியாதுங்களா?" என்றார். ஆமணக்கை எங்கள் பக்கம் கொட்டமுத்து என்போம்.

"அந்தப் பொகையில தறியில பூட்டுன பாவு நூலெல்லாம் கறுத்துப் போவுது பாவாயி. ராகி வெதைக்கற காட்டுல கொட்டமுத்து வெச்சா திங்கறது எதை?" என்றார் அப்பா.

"வெளக்குக்கும் ஆச்சு, மாசம் ஒருக்கா வவுத்தச் சுத்தம் பண்றதுக்கும் ஆச்சு. உங்க கட்சிக்காரங்களுக்குப் பேதி போனா பேச்சுக் கொறையுமுங்க" என்று சொல்லிவிட்டு அத்தை போனார். சிரிப்பு அடங்கியபின்தான் நான் மறுபடி படிக்க முடிந்தது.

அந்தக் கோடையில் ஒரு பெருமழை பெய்தது. நாலைந்து நாளில் ஈரம் காய்ந்ததும் ஒரு காலையில் அத்தை தண்ணீர் இறைக்க மாடு பூட்டினார். வாய்க்காலில் வந்த தண்ணீரை மாடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. தண்ணீர்மேல் பாலாடைபோல, பல நிறத்தில் ஓர் எண்ணெய் ஆடை மிதந்தது. மண்ணெண்ணெய் வாடை அடித்தது. இது நான் பார்த்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் அங்கே நின்றேன்.

ஒரு மணி நேரத்துக்குள் தறித் தெரு முழுவதும் கிணற்றடிக்கு வந்துவிட்டது. அப்பா ஒரு திரியை அந்த ஆடையில் தோய்த்துத் தீக்குச்சி வைத்தார். எரிந்தது. "நான் சொன்னேனா இல்லையா?" என்று அப்பா எல்லோரையும் பார்த்தார். சிலர் துணியை மிதக்கவிட்டு எடுத்துப் புட்டியில் பிழிந்தார்கள்.

கலெக்டருக்கு மனு எழுதச் சொல்லி என்னிடம் காகிதம் கொடுத்தார்கள். இவ்வளவு பேருக்கு நடுவில் நான் எழுதியதே இல்லை. 'கிணற்றில் எண்ணெய் வாடை வீசுகிறது' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். 'பாறை இடுக்கிலிருந்து இரவும் பகலும் மண்ணெண்ணெய் ஊறிப் பெருகுகிறது' என்று எழுதினேன். படித்தபோது எல்லோரும் தலையசைத்தார்கள். அத்தை மட்டும், "ஊறுதுன்னு பாத்தியா அம்மிணி?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா மைப்பெட்டியை நீட்டினார். அத்தை கைநாட்டு வைத்தார்.

அதிகாரி வரும்வரை யாரும் தண்ணீர் இறைக்கக் கூடாது, இறைத்தால் எண்ணெய் வீணாகும் என்று வாசகசாலையில் முடிவு செய்தார்கள். அப்போது அத்தையின் நிலத்தில் ராகி கதிர் வாங்கும் பருவம்.

"எண்ணெய் வந்தா நெலம் யாருக்குங்கண்ணா?" என்று அவர் அப்பாவைக் கேட்டார்.

"சர்க்காருக்கு. பதிலுக்கு எதாச்சும் குடுப்பாங்க."

"வராட்டி?"

"உனக்குத்தான்."

"அதுக்குள்ள ராகி காஞ்சுபோயிருமே. அது யாருக்குங்க?"

 எட்டு நாள் யாரும் இறைக்கவில்லை. ராகி மேற்குப் பக்கத்திலிருந்து வாடிப் பழுத்துக்கொண்டு வந்தது. நான் தினமும் அந்த வழியாகத்தான் போனேன். எண்ணெய் ஆடை நாளுக்கு நாள் மெலிந்துவந்ததையும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை அத்தை என்னை நிலத்துக்குக் கூப்பிட்டார். கிணற்றுக்கு மேற்கே மேட்டில், வேலி ஓரத்தில், நாலைந்து கொட்டமுத்துச் செடிகள் மட்டும் கருகி நின்றன. "எல்லாத்துக்கும் ஒரே வெயிலு. இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று மண்வெட்டியால் வெட்டத் தொடங்கினார். அந்த இடத்தில் பழைய சோளக்குழி ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் சோளத்தைக் குழிக்குள் கொட்டி, வைக்கோல் பரப்பி, மேலே களிமண் பூசி மூடிவைப்பார்கள். எவ்வளவு நாளானாலும் கெடாது. அத்தையின் கணவர் இறந்தபின் மூடிவைக்கும் அளவுக்குச் சோளம் விளையாததால் அந்தக் குழி சும்மா கிடந்தது.

மேல் மண்ணை எடுத்ததும் புதிதாகப் பூசிய களிமண் தெரிந்தது. குழியை மூடியவர் ஈரக் களிமண்ணில் உள்ளங்கையைப் பதிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். இந்தக் களிமண்ணிலும் ஒரு கை பதிந்திருந்தது. அதில் நான்கு விரல்கள்தான் இருந்தன. சின்னப்பன் சித்தப்பாவின் சுண்டு விரல் வண்டி அச்சில் போய்விட்டது என்பது ஊருக்கே தெரியும்.

அத்தை அந்தக் கைமேல் கொஞ்ச நேரம் தம் கையை வைத்திருந்தார். பிறகு மண்வெட்டியின் பின்புறத்தால் அதை உடைத்தார். உள்ளே வைக்கோல்மேல் ஐந்து மண்ணெண்ணெய் டின்கள் இருந்தன. விலை ஏறத் தொடங்கியபோதே சித்தப்பா வாங்கி, அத்தைக்குத் தெரியாமல் சோளத்தைப்போல வைத்திருக்கிறார். அது உவர் மண், தகரத்தை அரித்துவிட்டது. மூன்று டின்கள் காலி. ஒழுகியதை அந்த மழை கிணற்றுக்குக் கொண்டுபோயிருக்கிறது.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து இரண்டாவது மனுவைச் சொன்னார். நான் எழுதினேன். 'என் கிணற்றில் எண்ணெய் ஊறவில்லை. முன்பு எழுதியது தப்பு. என் சோளக்குழியில் ஐந்து டின்கள் இருந்தன. மூன்று ஒழுகிவிட்டன. இரண்டு இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளவும். டின்கள் என்னுடையவை.'

கடைசி வரியில் பேனா நின்றது.

"அத்தை, இது நீங்க பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "என்ற நெலம், என்ற குழி. எழுது சாமி" என்றார்.

"பதுக்கி வெச்சவங்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

"அவனுக்கு மூணு கொழந்தைங்க. அவன் வண்டி நின்னா அடுப்பு நின்னுபோகும். நான் போய் நின்னா எனக்கு எது நின்னுபோகும்?"

எழுதினேன். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுத்தேன்.

அதிகாரி வந்தார். டின்களை எடுத்துக்கொண்டார். சேலத்துக் கோர்ட்டில், அன்று கோர்ட்டுக் கலையும்வரை நிற்க வேண்டும் என்று அத்தைக்குத் தண்டனை கொடுத்தார்கள். இனி எழுதுவது நான் பார்த்ததல்ல, அவரிடம் கேட்டது. வெளியில் நல்ல வெயில். தலைக்கு மேலே ஒரு மின்சார விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை அதுவரை மின்சார விளக்கைப் பார்த்ததில்லை. பிற்பகல்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு சேவகரிடம், "ஏனுங்க சாமி, பொழுது இருக்கறப்பவே எரியுதுங்களே, யாருக்குங்க?" என்று கேட்டாராம். சேவகர் அதட்டினார். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார், நிறுத்தச் சொன்னார். "ஒரு சொடுக்குத்தான் அம்மிணி. ஊதக்கூட வேண்டாம்" என்று அத்தை என்னிடம் அதைத்தான் விரிவாகச் சொன்னார். நின்றதைப் பற்றி, "காலு வலிச்சுது" என்பதோடு சரி.

ஊரில் கதை வேறாக இருந்தது. அரைப் புட்டிக்காக வரிசையில் நின்றவர்கள், ஐந்து டின்களைப் புதைத்து வைத்தவரை மன்னிக்கவில்லை. 'சீமெண்ணெய்க்காரி' என்று பெயர் வைத்தார்கள். அவர் வரிசைக்கு வந்தால், "உனக்கெதுக்குப் புட்டி, ஊட்டுல வெட்டிப் பாரு" என்பார்கள். "வெட்டிப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்று அவர் நகராமல் நிற்பார். அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வாசகசாலையில் அவரைத் திட்டியபோதெல்லாம் நான் செய்தித்தாளோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்குப் பயந்தேன் என்பதும் உண்மை.

அந்த வருஷம் ராகியில் பாதிக்குமேல் பதராகப் போயிற்று. அதற்கு என் முதல் மனுவும் ஒரு காரணம். அத்தை ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சேலத்துக்குப் படிக்க வந்தபின் விடுமுறையில் ஒரு முறை நானே அதைப் பற்றிக் கேட்டேன். "பெரியவங்க சொன்னாங்க, நீ எழுதுன. ஆனா அடுத்த தடவ போய்ப் பாத்துப்போட்டு எழுது" என்றார்.

வாக்கு இருக்கும்போது இதையெல்லாம் எப்படி எழுதினாய் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சின்னப்பன் சித்தப்பா விடுதிக்கு வந்தார். மொட்டை அடித்திருந்தார். வாசலில் நின்றே பேசினார்.

"அக்காளப் பத்தி எழுதறியாமா. டின்னு யாருதுன்னு எழுதீரு."

"கேசு வந்தா என்ன பண்ணுவீங்க சித்தப்பா?"

"வந்தா நிக்கறேன். ரண்டு வருசமா அவளச் சீமெண்ணெய்க்காரின்னு கூப்புட்டாங்க. நான் வண்டிமேல உக்காந்துக்கிட்டுக் கேட்டுட்டுப் போனேன்." பிறகு, "அவ என்னைய ஒரு வார்த்த கேக்கல கண்ணு. அதிகாரி டின்ன எடுத்துட்டுப் போனப்பறம் குழிய மறுபடி மூடறப்ப மட்டும் கூப்புட்டா. பூசுனேன். கை வெக்காம எந்திரிச்சேன். 'வெச்சுப்போட்டுப் போடா'ன்னா" என்றார்.

அதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். மைப்பெட்டி கேட்டார். பெருவிரலை அதில் ஒற்றி, இந்தத் தாளின் அடியில் வைத்திருக்கிறார். வாசகசாலையில் இதை உரக்கப் படிப்பவர் அந்த இடத்தையும் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்பாவே படித்தால் நல்லது.

பாவாயி அத்தையிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூன்று கேள்விகள். அவற்றுக்கு அவரே ஒரு முறை பதில் சொல்லாமல் விட்டதும் என்னிடம் இருக்கிறது. அதை எந்த இடத்தில் வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

விடுதியில் ஐந்து மணிக்கே விளக்குப் போட்டுவிடுகிறார்கள். ஜன்னலில் இன்னும் எழுதும் அளவுக்கு வெளிச்சம் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எழுந்து போய் விளக்கை நிறுத்திவிட்டு வந்து, இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.