சிரிப்பு அறை

செருப்புப் பட்டறையில் பசை ஒட்டும் அறைக்குச் 'சிரிப்பு அறை' என்று பெயர். மதியம் ஆனால் போதும், உள்ளே இருக்கும் ஐந்து பெண்களும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கொடுத்துவைத்த மகராசிகள் என்று தையல் பிரிவே வயிறெரிந்தது. சிரிக்க வைத்தது பசையின் நெடி என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. காற்றுப் பட்டால் பசை காய்ந்துவிடும் என்று ஜன்னலை வேறு இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். நல்ல கூத்துதான்.

அந்த ஐவரில் வாய்த்துடுக்கு மிகுந்தவளைப் 'பட்டாசு' என்பார்கள். ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவளைக் கணவன் ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒரு கால் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தாள். வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. வெறுங்காலில் நடந்து வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. செருப்பு செய்கிறவளுக்கே செருப்பு இல்லை என்று அவன் கேலி செய்தான். அவள் நேரே டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் பாதத்தைத் தட்டிப் பார்த்தார். வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். "பசை நெடி நரம்பைக் கெடுத்திருக்கும்மா. இப்பவே விலகினா மெல்ல சரியாகும். இல்லன்னா நடக்கவே முடியாம போயிடும்."

வேலையை விட்டால் தன் கால் தப்பும். மற்ற நால்வர் கால்? மறுநாள் அவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். ஐந்து பேரும் தூரிகையைத் தொடாமல் முற்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி அலறியடித்து ஓடிவந்தார்.

"ஜன்னலத் திறந்தா பசை ஒட்டாதும்மா. சொன்னாப் புரியாதா?"

"ஒட்டலைன்னா வேற பசை வாங்கலாம் அண்ணே. கால் போனா எந்தக் கடையில வாங்குறது?" என்றாள் பட்டாசு.

தையல் பிரிவும் மெஷினை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்தது. சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்த முதலாளி கடைசியில் வழிக்கு வந்தார். தண்ணீரில் கரையும் பசை வந்தது. சுவரை உடைத்து, நெடியை வெளியே தள்ளும் காற்றாடி வைத்தார்கள். பட்டாசு தோல் வெட்டும் பிரிவுக்கு மாறினாள். ஜெயித்துவிட்டாள் என்று ஊரே மெச்சியது.

அவள் பாதம் மட்டும் மரக்கட்டையாகவே கிடந்தது. மாதங்கள் ஓடின. டாக்டர் சும்மா ஆறுதலுக்குச் சொல்லியிருப்பாரோ என்று உள்ளுக்குள் நொந்துபோனாள்.

ஒருநாள் வெறுங்காலோடு தோல் எடுக்கப் போனவள் "அம்மா" என்று அலறினாள். எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். அவள் ஆணி ஏறிய காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. முகமெல்லாம் பல்லாக அவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"வலிக்குதுடி. நல்லா வலிக்குது."