பதில் வராத பெயர்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. "பேசத்தானே வராது, எழுதேன்" என்றார் அண்ணன். பள்ளிக்கூடத்தில் படித்த அளவுக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது கோலியனூரில். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். விழுப்புரத்தில் ஒரு மண்டியில் மூட்டை தைக்கச் சேர்ந்து, எடை போடக் கற்று, பிறகு திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொந்தமாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கிடங்கு வைத்தார். பெண்கள் மல்லாட்டையை உடைத்து, முறத்தில் புடைத்து, கல்லும் சொத்தையும் பொறுக்குவார்கள். சுத்தமான பருப்பு மூட்டையாகிப் புதுச்சேரிக்குப் போய்க் கப்பலேறும்.

தினமும் காலையில் அப்பா கேட்டருகே நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "வந்துட்டேங்கய்யா" என்று சொல்லி ஒவ்வொருவரும் உள்ளே போவார். கடைசியாக "கன்னியம்மா" என்பார். பதில் வராது. பதிலுக்கு நேரம் விட்டு நின்று, பிறகுதான் அவரும் உள்ளே வருவார். கிடங்குக்கு வந்து போன உங்களில் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி, "இல்லாதவள கூப்புடறாரே, அது வந்து நின்னா என்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு ஓடியே போனாள். அப்பாவிடம் காரணம் கேட்க யாருக்கும் துணிவில்லை. அம்மா எனக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

1930களின் தொடக்கத்தில் மல்லாட்டை விலை விழுந்தபோது, அப்பா கிடங்கைப் பூட்டி எல்லாரையும் அனுப்பிவிட்டார். கன்னியம்மா என்ற பெண் மட்டும் போகாமல் நின்று, "எப்பங்கய்யா வரட்டும்?" என்று கேட்டாளாம். "ஆள் அனுப்பறேன், போம்மா" என்றாராம் அப்பா. அவளோ மறுநாளிலிருந்து முறத்தை எடுத்துக்கொண்டு வந்து, பூட்டிய கேட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அப்பா ஸ்டேஷனுக்குப் பின்தெரு வழியாகச் சுற்றிப் போனார். ஒரு நாள் அங்கே முறம் மட்டும் இருந்தது. மலைத்தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தவனோடு போய்விட்டாள் என்றார்கள். விலை தேறியதும் அப்பா அவள் ஊருக்கு ஆள் அனுப்பினார். குடிசை திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. பிறகு ஒரு செய்தியும் வரவில்லை.

அந்த முறத்தை அப்பா கிடங்குச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஆடிக் காற்றில் அது சுவரில் உரசும்போது யாரோ புடைக்கிறாற்போல் சத்தம் வரும். பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. கப்பல்கள் நின்றன. பருப்பு மூட்டைகள் வாங்க ஆளில்லாமல் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. கிடங்கைப் பூட்டச் சொல்லி எல்லாரும் அப்பாவுக்குப் புத்தி சொன்னார்கள். "இந்தத் தடவை ஒருத்தரையும் அனுப்பமாட்டேன்" என்றார் அப்பா. கிழிந்த கோணிகளைத் தைக்கச் சொன்னார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். கிணற்றில் தூர் வாரச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, கட்டிய மூட்டைகளைப் பிரித்து மறுபடியும் கல் பொறுக்கச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அன்று அவர்கள் பொறுக்கி ஒதுக்கிய கற்களை அப்பா அள்ளி, விதை தூவுவதுபோல் பருப்புக் குவியலின் மேல் தூவிக்கொண்டிருந்தார். நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பெண்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அவர்களில் மூத்தவள் அஞ்சலை, வாய்த்துடுக்கு உள்ளவள். ஒரு நாள் ஒரு கல்லை எடுத்துக் காட்டி, "ஐயா, இந்தக் கருப்புக் கல்ல நேத்தும் நான்தான் பொறுக்கனேன், முந்தாநேத்தும் நான்தான் பொறுக்கனேன். இப்ப என்னப் பாத்தா 'வா அஞ்சல'ன்னு சிரிக்குதுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அஞ்சலையும் சிரிப்பை நிறுத்தினாள். "பொய் வேல செஞ்சி கூலி வாங்கிக்கினு போனா சோறு எறங்கலீங்கய்யா. இல்லன்னா இல்லன்னு சொல்லி எங்கள அனுப்பிடுங்க."

"அனுப்பினா வரமாட்டீங்கம்மா" என்றார் அப்பா. "ஒருத்தி வரல."

பெண்கள் எல்லாரும் சுவரில் இருந்த முறத்தைப் பார்த்தார்கள். அஞ்சலை கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். பிறகு, "சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் வெதை மல்லாட்டை ஒடைக்க ஆள் தேடிக்கினு கீறாங்க. இங்க கொண்டாரச் சொல்லட்டுங்களா? கேப்பையா குடுப்பாங்க. பங்கு போட்டுக்கலாம்" என்றாள்.

மறுநாளே அப்பா அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மண்டிக்காரர்கள் கேலி செய்தார்கள். ஆனால் விதை மூட்டையோடு வண்டிகள் வந்தன. கூலியாக வந்த கேப்பையைக் கிடங்கிலேயே பங்கு வைத்தார்கள். யுத்தம் முடியும் வரை எங்கள் வீட்டிலும் அதே கேப்பைக் களிதான். வேலையை விட்டு ஒருத்தரும் போகவில்லை. ஆனாலும் காலையில் அந்தக் கடைசிப் பெயரும், அதற்குப் பின் வரும் அமைதியும் நிற்கவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தபின் அவர் விரல்கள் போர்வையில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தன. "கேட்டைத் தொறந்தாச்சா?" என்று அடிக்கடி கேட்பார். கடைசி நாளன்று கிடங்குப் பெண்கள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். எனக்கு ஒன்று தோன்றியது. வாசலிலேயே அஞ்சலையைப் பிடித்துக்கொண்டு, "அவ பேரச் சொன்னா நீயே 'வந்துட்டேன்'னு சொல்லிடு. நிம்மதியாப் போவட்டும்" என்று கெஞ்சினேன்.

"பொய் வேல வாணாம்னு சொன்னவளே நானு. நானே செய்யட்டுங்களாம்மா?" என்றாள்.

அப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் பதில் சொன்னாள். பிறகு, "கன்னியம்மா" என்றார். வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார். நாங்களும் வாசலையே பார்த்தோம்.

அஞ்சலை குனிந்து அவர் காதருகே சொன்னாள்: "அவ வரலீங்கய்யா. நாங்க போவலீங்க."

அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். விரல்கள் நின்றன. அன்று பொழுது சாய்வதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

கூப்பிட்ட போதெல்லாம் வந்து பார்த்த டாக்டருக்கும், கோலியனூரிலிருந்தும் திருவாமாத்தூரிலிருந்தும் வந்து காரியம் முடியும் வரை கூடவே இருந்த பங்காளிகளுக்கும், எங்கள் வீட்டு அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. கிடங்குப் பெண்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. அதனால் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

கருமாதிக்கு மறுநாள் அண்ணன் கிடங்கைத் திறந்தார். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அப்பா நின்ற இடத்தில் நின்று பெயர்களைக் கூப்பிட்டார். எல்லாரும் உள்ளே போனபின் பேசாமல் திரும்பினார்.

உள்ளிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது: "இன்னும் ஒரு பேரு கீதுங்க, சின்ன மொதலாளி."