ஜன்னலோரம் காய்ச்சிய இருபது கூடுகள்

லூர்துமேரி இறந்த செய்தி நம் ரைஃபிள் கிளப்பின் வாட்ஸப் குழுவில் வந்தபோது, நான் அரிமளத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். 'முன்னாள் உறுப்பினர்' என்று போட்டிருந்தீர்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவரை முன்னாள் உறுப்பினராக்கிய தீர்மானத்தை எழுதியவன் நான். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

இலுப்பூரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கல்லூரி என்.சி.சி.யில் பிடித்த ரைஃபிளை நாற்பது வயதில் மறுபடி எடுத்தவர். போட்டித் தோட்டாக்களை மறுபடி நிரப்பிக்கொள்ள நம் கிளப்புக்கு அனுமதி இருந்தது. அதற்கான பொறுமைதான் நம்மில் ஒருவருக்கும் இல்லை. அந்த வேலை அவர் தலையில் விழுந்தது.

சுட்டுச் சுட்டு இறுகிப்போன பித்தளைத் தோட்டாக் கூட்டின் கழுத்தை மட்டும் தீயில் காட்டி இளக்குவார். ஜன்னலைச் சாத்தி கிளப் அறையை இருட்டாக்கிக்கொண்டுதான் செய்வார். வெளிச்சத்தில் பித்தளை சிவப்பது கண்ணுக்குத் தெரியாது. கழுத்து இளகினால் போதும். சூடு அடிவரை இறங்கினால் கூடு வெடிப்பைத் தாங்காது. பிறகு குண்டைச் செருகும்போது கை உணர்வாலேயே தரம் பிரிப்பார். "ஒண்ணு இறுக்கிப் பிடிக்கும், இன்னொண்ணு லூசா விட்டுரும். அப்பறம் சுடுறவங்க கையக் கொற சொல்லி என்னங்க பண்றது?" என்பார்.

திருச்சியில் நாம் பதக்கம் வாங்கிய அன்று மேடையில் எல்லோருக்கும் நன்றி சொன்னோம், அவரைத் தவிர. நான் வருத்தம் தெரிவித்தபோது சிரித்தார். "டப்பாவுலதான் எம் பேரு எழுதியிருக்கேண்ணே, அது போதும்."

அந்தப் பெயரே அவருக்கு எதிராக வந்தது.

ஈஸ்டருக்கு அவர் ஆவூர் போயிருந்தார். அடுத்த வாரம் போட்டி. இணைச் செயலாளர் என்ற முறையில் அறையின் மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. எனக்கு அவசரம். மீதியிருந்த இருபது கூடுகளை நானே காய்ச்சினேன், நண்பகலில், ஜன்னலோரம். சிவக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் காட்டினேன். நிறம் அடிவரை மாறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அவர் செய்துவைத்திருந்தவற்றோடு கலந்துவிட்டேன்.

திரும்பி வந்து நிரப்பும்போது, "சிலது லூசாப் போகுதேண்ணே" என்றார். "கருவி தேஞ்சிருக்கும்" என்றேன். சந்தேகப்பட்ட ஏழெட்டை ஒதுக்கிவைத்தார். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் சொல்லவில்லை. மற்றவை டப்பாவுக்குப் போயின.

மறுநாள் பயிற்சியில் ஒரு கூடு அடியில் கிழிந்தது. சுட்டது அவரே. போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைத் தாண்டிச் சில்லு வலது கண்ணில் ஏறியது.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட கண்ணோடு கேட்டார்: "நான் இல்லாதப்ப ரூமை யாரும் தொறந்தாங்களாண்ணே?"

"இல்லையே."

"சரிங்க."

விசாரணையில், தோட்டா தயாரித்தவரின் கவனக்குறைவு என்று முடிவாகி, அவரை கிளப்பிலிருந்து நீக்கினோம். மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் குறிப்பு எழுதியது நான். 'கவனக்குறைவு' என்ற சொல்லை ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் கடைப் பக்கம் போனேன். முகத்தைக் கம்பிக்குக் கிட்டத்தில் வைத்து, ஒற்றைக் கண்ணால் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிராமல் பேசினார். "ஒதுக்கி வச்சேன்ல, அந்த ஏழெட்ட அப்பறம் எடுத்துப் பாத்தேன். அடியில சுத்தி இருக்குற காடிப் பள்ளத்துல புளி ஒட்டியிருந்துச்சு. நான் என்னிக்கும் புளி போட்டுத் தேச்சதில்ல. சாவி ஒங்ககிட்டயும் என்கிட்டயும்தான். ஒங்க வாயால வரட்டும்னுதான் மூணு கூட்டமும் உக்காந்திருந்தேன்."

"மேரி..." என்றேன்.

"கடையில ஆளு வருவாங்க. கெளம்புங்க."

பந்தியிலிருந்து நேராக இலுப்பூருக்குப் போனேன். பெட்டிக்குள் அவர் முகம் சாந்தமாக இருந்தது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. வலது இமை கடைசிவரை முழுதாக மூடவில்லை.

அவர் மகளைத் தனியாக அழைத்து வாயைத் திறந்தேன். அவள் கையமர்த்தினாள்.

"வேணாம் மாமா. அம்மா முன்னாடியே சொல்லிருச்சு. அவரு ஏதோ சொல்ல வருவாரு, நீ கேட்டுக்கிறாத, டீ மட்டும் குடுத்து அனுப்புன்னு."

பக்கத்து வீட்டிலிருந்து டம்ளரில் டீ வந்தது. அத்தனை பேர் பார்க்க, நின்றபடியே குடித்தேன்.

இதை மன்னிப்பு என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த மறுப்பு ஒன்றுதான். அவர் கேட்க மறுத்ததை, நண்பர்களே, நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.