சீர்த்தட்டில் கிராபிக்ஸ் கார்டு

எனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் பீரோ சண்டை ஆரம்பித்துவிட்டது. அரியலூர் மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. "பொண்ணு வந்தா போதும்" என்று மாமியாராகப் போகிறவர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அவர் அதிகம் பேசாத மனுஷி. ஆனால் என் அம்மாவுக்கு அது ஆறவில்லை. பெரம்பலூரில் எங்கள் தெருவிலிருந்து கட்டிக்கொடுத்த அத்தனை பெண்களோடும் பீரோ, கட்டில், வாஷிங்மெஷின் என்று வேன் நிறைந்து போயிருக்கிறது. தன் மகளை மட்டும் கையை வீசிக்கொண்டு அனுப்புவதா?

"எனக்குப் பீரோ வேண்டாம்மா. கட்டிலும் வேண்டாம். அந்தக் காசுல ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடு" என்றேன்.

"ஆபீஸ் வேலைக்கா?"

"இல்ல. கேம் ஆடறதுக்கு."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பேய் பிடித்த பெண்ணையா கட்டிக்கொடுக்கப் போகிறோம் என்று அவள் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறவள். நாள் முழுக்க "நம்பர் கூப்பிடுவாங்க, உக்காருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒரு மணி நேரம் யாரையாவது சுட்டால்தான் எனக்கு மனசு அடங்கும். ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு. மற்ற நாலு பேரும் வேறு வேறு ஊர்ப் பெண்கள். நேரில் பார்த்ததில்லை, ஆனால் என் குரலை வைத்தே எனக்குத் தலைவலியா காய்ச்சலா என்று சொல்லிவிடுவார்கள். என் பழைய லேப்டாப்போ ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். எதிரி சுட்டுவிட்டுப் போன பிறகுதான் அவன் வந்ததே திரையில் தெரியும்.

கல்யாணத்தோடு இதெல்லாம் முடிந்துவிடும் என்பதுதான் என் பயம். புது மருமகள் போன வீட்டில் நின்றுகொண்டு, "எனக்கு விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேணும்" என்று எந்த வாயால் கேட்பாள்? ஆனால் கூடவே சீராகப் போய்விட்டால்? பிறந்த வீட்டுச் சீரை யாரும் வேண்டாம் என்று தள்ள முடியாது. என் பொருள், என் உரிமை. இந்தத் திட்டத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் போனில், "நான் கேம் விளையாடுவேங்க" என்று சொல்லி வைத்தேன்.

"ரொம்ப நல்லதுங்க. நானும் ஸ்கூல்ல கோகோ ஆடுவேன்" என்றார். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

அப்பா எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். வீட்டு விவகாரத்தில் வாயே திறக்க மாட்டார். அன்று மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவ கேக்கறத வாங்கிக் குடு. பீரோவுல என்னத்த வச்சுப் பூட்டப் போறா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த அம்மா ஒருவழியாக இறங்கி வந்தாள்.

"வாங்கித் தரேன். ஆனா சீர்னா சீர் மாதிரி இருக்கணும். நானும் கடைக்கு வருவேன்."

வினை அங்கேதான் தொடங்கியது.

இந்தக் கம்ப்யூட்டரில் பாதிக் காசை கிராபிக்ஸ் கார்டே தின்றுவிடும். திரையில் ஓடும் காட்சிகளை வரைந்து தள்ளுவது அதுதான். திருமானூரில் ஒருவர் தன்னுடையதைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். நல்ல கார்டு. கடைக்குப் போகும் வழியில் அம்மாவிடம் மெதுவாக எடுத்துவிட்டேன்.

"பழசா? சீர்ல யாராச்சும் பழசு வைப்பாங்களாடி? வாயால சிரிக்க மாட்டாங்க."

"தொடச்சு வச்சா யாருக்கும் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும்ல?"

திருமானூர் கார்டு அதோடு போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நடுரோட்டில் கத்த முடியாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது கடை. கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "தம்பிக்குங்களா?" என்றார்.

"எனக்குத்தான்."

"எடிட்டிங் வேலைங்களா மேடம்?"

"சுடறதுக்கு" என்றேன். மனுஷன் அதன் பிறகு மரியாதையாகப் பேசினார்.

அம்மா நகைக்கடைக்கு வந்தவள் போலவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பாகமாக எடுத்து வைக்கச் சொன்னாள். விலையைக் கேட்டாள். "செய்கூலி, சேதாரம் எல்லாம் சேத்தா, தனியா?" என்றாள். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாட்டிக் குடுக்கறதுக்கு மட்டும் தனிங்கம்மா" என்றார். கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியான ராமின் விலை தங்கம் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது என்று அவர் சொன்னதும், "அப்ப அத மொதல்ல எடுத்து வைங்க" என்று அம்மா துள்ளினாள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவளோடு சண்டையே வரவில்லை.

கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைப் பார்த்துத்தான் அவள் முகம் சுளித்தாள். "இந்த இரும்பு டப்பாவுக்கா இவ்ளோ? மட்டமா ஒண்ணு போட்டா என்ன? உள்ளதான இருக்கப் போவுது."

"நம்ம புது மிக்ஸி ஏறி இறங்கற கரண்ட்ல புகைஞ்சுதுல்ல? இது மட்டமா இருந்தா மொத்தமும் அப்படிப் போயிடும்."

அம்மா மிக்ஸியை நினைத்துக்கொண்டாள். "சரி, இதுல கை வைக்காத" என்று தானே சொல்லிவிட்டாள். கை வைக்க வேண்டிய இடம் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர்தான் என்று ஆயிற்று. ஒரு படி கீழே இறங்கினேன். வயிறு எரிந்தது, ஆனால் புதுக் கார்டுக்குக் காசு அங்கிருந்துதான் வந்தாக வேண்டும்.

அடுத்தது கேபினட். எல்லாவற்றையும் உள்ளே பொருத்தும் பெட்டி. கடைக்காரர் அடுக்கிய ஐந்தாறும் கறுப்பு.

"ஐயய்யோ, கறுப்பா! நல்ல காரியத்துக்குக் கறுப்பா எடுத்துட்டுப் போறது?"

"எல்லாமே கறுப்புதாம்மா வரும். வெள்ளைன்னா வெலை கூட."

"மாப்பிள்ளை வூட்டு வாசப்படில கறுப்பு ஏறக் கூடாது. அவ்ளோதான்."

நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் மேல் தட்டைப் பார்த்தார். அங்கே அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கேபினட் கிடந்தது. "ரொம்ப நாளா கெடக்குதுங்க. நம்ம ஊர் புழுதிக்கு வெள்ளைய யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க" என்று வாய் தவறி உளறிவிட்டார். பிடித்துக்கொண்டாள் அம்மா! ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கிறவளுக்கு இது போதாதா? தேங்கிய சரக்கு, அழுக்கு ஏறியிருக்கிறது, ஓரத்தில் கீறல் என்று அடுக்கி, கறுப்பு விலைக்கும் கீழே வெள்ளையை இறக்கிவிட்டாள். கூடவே லைட் எரியும் காற்றாடி ஒன்று இனாம். அந்த நிமிடம் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"மாட்டிக் குடுத்துடவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வேண்டாம்" என்றாள் அம்மா. "சேத்து மாட்டிட்டா ஒரே பொட்டி, ஒரே தட்டு. தனித்தனியா இருந்தாத்தான் சீர் நெறைய இருக்கும்." அப்படியே விரல் விட்டு எண்ணினாள். கேபினட், மதர்போர்டு, பிராசஸர், ராம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், கீபோர்டு, மவுஸ். பத்து. அவள் முகம் வாடியது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். "இந்த ராமு ரெண்டா வருமா?"

"பெரிய ஒண்ணுக்குப் பதிலா பாதிப் பாதியா ரெண்டு போடலாம்மா. சொல்லப்போனா அதுதான் இன்னும் ஸ்பீடு" என்றார் கடைக்காரர்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் படிச்ச திமிரெல்லாம் எனக்கு இறங்கிவிட்டது.

கல்யாண மண்டபத்தில் பதினோரு தட்டுகளும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு ரவிக்கைத் துணி, ஒரு முழம் மல்லிகை, நடுவில் ஓர் அட்டைப்பெட்டி. கேபினட்டை அப்பா தலையில் சுமந்து வந்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் வரிசையைப் பார்த்துவிட்டு, "பீரோ எங்க?" என்று சத்தமாகவே கேட்டார். எனக்கு மணவறையில் வியர்த்தது.

"பீரோ எல்லாரும்தான் குடுக்கறாங்க" என்றாள் அம்மா. "இது கிராபிக்ஸ் கார்டு. எட்டு ஜிபி. புதுசு." அந்தப் பெரியம்மா ஏதோ புரிந்தவர் மாதிரி தலையாட்டினார். என் மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒவ்வொரு தட்டையும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

மூன்றாம் நாள் அம்மாவும் அப்பாவும் எங்களை விருந்துக்கு அழைக்க அரியலூர் வந்தார்கள். அன்று காலையில்தான் நான் கூடத்தில் பாயை விரித்து, பெட்டிகளைப் பிரித்து, ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். என் கணவருக்கு ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை. அன்று லீவு. "இதத்தான் கேம்னு சொன்னீங்களா?" என்று கேட்டு, டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். புது மருமகள் புடவையைச் செருகிக்கொண்டு திருகாணி முடுக்குவதை அந்த வீடு அதற்கு முன் பார்த்திருக்காது.

எல்லாம் மாட்டி, சாமியைக் கும்பிட்டு, பட்டனை அழுத்தினேன். காற்றாடிகள் சுற்றின. லைட் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

மறுபடி அழுத்தினேன். கறுப்பு. நான் வியர்த்துக்கொட்ட ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்தேன். "பீரோ மட்டும் வாங்கியிருந்தா" என்று அப்பா முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இது ஓடாவிட்டால் அட்டைப்பெட்டியிலேயே பரணுக்குப் போய்விடும், நானும் வாயைத் திறக்க முடியாது.

கடைசியில், அவசரத்தில் சரியாகப் பார்க்காமலே செருகியிருந்த ராம் இரண்டையும் கழற்றினேன். அதன் அடியோரத்தில் தங்க நிறத்தில் பல்வரிசை போல் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், அதன் வழியாகத்தான் கரண்ட் பாயும். இரண்டிலும் அதன் மேல் காய்ந்து ஒட்டியிருந்தது சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"அம்மா!"

"தங்கமா மின்னுச்சுடி" என்றாள் அம்மா. "பொட்டு வைக்காம எப்படி அனுப்பறது? கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்துத்தான் வச்சேன்."

முதலில் சிரித்தது என் கணவர். பிறகு அப்பா. பிறகு அடக்க முடியாமல் நான். அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என் கணவர் எங்கிருந்தோ ஒரு பென்சில் ரப்பரைத் தேடி எடுத்து வந்தார். பொட்டை அழித்து, செருகும் இடத்தையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டினேன். திரை பளிச்சென்று எரிந்தது. கைதட்டினார்கள்! மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். பிடித்ததா, பிடிக்கவில்லையா, ஒன்றும் புரியவில்லை.

விருந்தெல்லாம் முடிந்து அரியலூர் திரும்பிய பிறகும் ஒரு வாரம் நான் அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோழிகள் நாலு பேரும் வற்புறுத்திக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. எதிரியின் சட்டைப் பட்டன்கூடத் தெரிந்தது. மாமியார் எப்போது வந்து என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. அணியில் மற்ற நாலு பேரும் செத்துவிட்டார்கள். நான் ஒருத்தி மட்டும் சுவரோரமாகப் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

"பின்னாடி ஒருத்தன் வரான் பாரு!"

கூடமே அதிர்ந்தது. திரும்பிச் சுட்டேன். விழுந்தான்.

"அக்கா, யாரு அது கத்தனது?" என்று காதில் ஒரு தோழி அலறினாள்.

"எங்க அத்தை" என்றேன்.

அப்போது என் கணவர் வெளியிலிருந்து வந்து, "தோசை ஊத்தலையா இன்னும்?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் நான் எழப்போனேன். அத்தை என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை.

"டேய், மாவு இருக்கு, நீ போய் ஊத்து. அவளால இப்ப எந்திரிக்க முடியாது, ஒருத்தன் பாக்கி இருக்கான்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டித் திரை கலங்கிவிட்டது. பாக்கி இருந்த அந்த ஒருத்தன் எதிரே வந்து நின்று நிதானமாகச் சுட்டான். செத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஆட்டத்திலும் செத்ததில்லை.