கீழே இறங்கிய புள்ளிகள்

சகாயசெல்விக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள் அவள் மாமியார் வீட்டில். சொல்லட்டும். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

திண்டுக்கல் பழநி சாலையில் ஒரு செருப்புக்கடை மாடியில் அவளுக்கு வேலை. பொருள்களை அடையாளம் காணக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதற்காகப் படங்களில் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். தக்காளி, லாரி, மாட்டு முகம் என்று எதுவும் வரும். போன வருஷம் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஹீலியத்தின் படங்கள் வந்தன. கடுங்குளிரில் அந்த வாயு திரவமாகி, உராய்வே இல்லாமல் ஓடுமாம். அதற்குள் மயிரிழையைவிட மெல்லிய சுழல்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வலு. கண்ணுக்குத் தெரியாது. அதனால் உறைந்த ஹைட்ரஜன் துகள்களைக் கலந்துவிட்டு, லேசர் அடித்துப் படம் எடுத்திருந்தார்கள். அடியில் சூடு வைத்தால் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாக மேலே போகும். சுழலில் சிக்கியவை மட்டும் கீழே இறங்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒவ்வொரு புள்ளியும் போன வழிக்குக் கோடு போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் மார்க். சகாயசெல்வியின் ஜோடி கீர்த்தனா. அவள் கோடெல்லாம் மேலே போனது; இவளுடையதில் கீழேயும் இறங்கியது. மார்க் சரிந்ததும் டீம் லீடர் சிவபிரகாஷ் வந்து நின்றான்.

"யக்கா, கீழ போறத விட்ருங்க. அது தூசி."

"தூசி அம்புட்டும் ஒரே பக்கமாவா இறங்கும்? எல்லாத்தையும் போடுன்னுதான தம்பி எழுதிருக்காங்க."

"டீமே ஒண்ணு சொல்லுது. நீங்க மட்டும் வேற சொல்றீங்க."

அன்று மாலையே அவளைத் தக்காளிக்கு மாற்றிவிட்டான். அவள் போட்ட கோடுகளை அவனே உட்கார்ந்து அழித்தான். காயையும் பழத்தையும் பிரித்துக்கொண்டே அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஆய்வுக்கூடத்துப் பெண் வீடியோவில் வந்தாள். ஒரு புள்ளிகூடவா இறங்கவில்லை, யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டாள். இல்லை மேடம், எல்லோருக்கும் ஒரே முடிவுதான் என்றான் சிவபிரகாஷ், கூசாமல். சகாயசெல்வி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய், கேமரா முன்னால் குனிந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். நான் பார்த்தேன். கோடு போட்டேன். இவர் அழித்துவிட்டார்.

மொத்தத்தையும் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவும் போனது. மறுநாள் மதியம் அவள் பக்கத்தில் ஒருவரும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கடைசியில் கீர்த்தனா மட்டும் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யக்கா, கீழ போனத நானும் பாத்தேன். எல்லாருமேதான்க்கா பாத்தாக. மார்க் போயிரும்னு விட்டுட்டோம்."

சிவபிரகாஷ்மேல் வந்ததெல்லாம் ஒரு கோபமா? இப்போது வந்ததுதான் கோபம்.

"பாத்தியா? அப்ப நான் ஒத்தையா நின்னப்ப உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

கீர்த்தனா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த தன் வெஞ்சனத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். சகாயசெல்வி பாதிச் சோற்றோடு பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.