பதினைந்து என்ற கோடு

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான்தான். உரப்பையில் என்ன எழுதியிருக்கிறது, வருகிற பஸ் எங்கே போகிறது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடந்தது. உருத்திரபுரத்தில் யார் வந்து எதைக் கேட்டாலும் ஐயா, "பொறுங்கோ, பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வரட்டும்" என்பார். அந்தச் சொல்லுக்காகவே வாய்க்கால் கரையால் ஓடி வருவேன்.

பிறகு மாமா கலியாணம் முடித்து, யாழ்ப்பாணத்திலிருந்து மாமியைக் கூட்டிவந்து எங்களோடு இருத்தினார். மாமி சின்ன வயது. பட்டணப் பள்ளிக்கூடத்தில் படித்தவா. வந்த கிழமையே அம்மா இருமல் மருந்துப் போத்தலை அவாவிடம் நீட்டி வாசிக்கச் சொன்னா. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தப் போகம் நெல்லில் பூச்சி விழுந்தது. முதுகில் சுமந்து மருந்தடிக்கிற மெசின் ஒன்றை மாமா இரவல் வாங்கிவந்தார். வெளிநாட்டுச் சாமான். தாங்கியில் ஐந்து, பத்து, பதினைந்து என்று கோடுகள். ஒரு கலன் தண்ணீருக்கு ஒரு அவுன்ஸ் மருந்து என்று ஐயாவுக்குச் சொல்லியிருந்தார்கள். கூடினால் பயிர் கருகும். குறைந்தால் பூச்சி சாகாது.

"பிள்ளை, இதென்ன பதினைஞ்சு?"

"கலன், ஐயா."

ஐயா சிரித்தார். "பதினைஞ்சு கலனை முதுகிலை ஏத்தினா நான் வரம்பிலையே படுத்திடுவன்."

குசினி வாசலில் மாமியும் சிரித்தா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப போத்தல்" என்றேன். மண்ணெண்ணெய்யை நாங்கள் போத்தலால்தான் வாங்குவோம்; ஆறு போத்தல் ஒரு கலன். பதினைந்து போத்தல் இரண்டரைக் கலன், மருந்து இரண்டரை அவுன்ஸ். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"இல்லை அண்ணை, அது லீற்றர்" என்றா மாமி. "போத்தலிலும் பெரிசு. நாலரை லீற்றர் ஒரு கலன். விஞ்ஞான வகுப்பிலை அளந்தனாங்கள்."

"எங்கட பள்ளிக்கூடத்திலை லீற்றர் இல்லை" என்றேன், அது லீற்றரின் குற்றம்போல.

ஐயா இரண்டு பக்கமும் பேசவில்லை. வெறும் போத்தலொன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். நான் உரத்து எண்ணினேன். பதினைந்து போத்தல் முடிந்தும் தண்ணீர் கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது.

"போத்தல் நிரம்பேல்லை ஐயா, தளும்பத் தளும்ப ஊத்துங்கோ!"

இன்னும் ஐந்து போத்தல் விட்ட பிறகுதான் கோடு நனைந்தது.

"அப்ப மூண்டு கலனுக்கும் மேலை" என்றார் ஐயா. "இவளின்ர கணக்குக்கு அடிச்சிருந்தா பூச்சிக்கு விருந்துதான். தங்கச்சி, இனி மருந்துக் கணக்கு உம்மட பொறுப்பு."

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை மாமிதான் எனக்குத் தலை பின்னிவிட்டா. குத்திக்காட்டவென்றே கேட்டேன்:

"இவ்வளவு தெரிஞ்சனீங்கள், ஏன் மாமி படிப்பை விட்டனீங்கள்?"

"நான் எங்கையடி விட்டனான்? வீட்டிலை மறிச்சுப் போட்டினம்." பின்னல் ஒருதரம் இறுகியது. "நீ வாற வருசமும் பள்ளிக்கூடம் போவியோ?"

"ஓம், பின்னை?"

படலை வாசல்வரை என்னோடு வந்தா. வாய்க்கால் வளைவில் திரும்பிப் பார்த்தேன். என் புத்தகப்பையைப் பார்த்தபடி அப்போதும் அங்கேயே நின்றா. நான் எப்போது மறைவேன், எப்போது ஓடிப்போய் ஐயாவுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று காத்திருக்கிறா என்றுதான் நினைத்தேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.