ரெண்டே ரெண்டு குமிழி

சுரைக்குடுக்கை மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. அதை என் முதுகில் கட்டிவிட்ட அக்கா மேல்தான். அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் ஆறவில்லை. என்ன செய்ய!

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு ரோடு ஏது? அம்மாவும் அப்பாவும் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக் காரவள்ளிக்கு இறங்கி, காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்குப் போனால் திரும்ப இரண்டு நாளாகும். ஒரு கோடையில் அப்படி அவர்கள் போனதும் நானும் அக்காவும் ஐயாற்று மடுவுக்கு ஓடினோம். ஆறு வற்றிப் பாறையாய்க் கிடந்தாலும் மடுவில் மட்டும் இரண்டாள் ஆழம் நிற்கும். இருவருக்குமே நீச்சல் தெரியாது. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு மிதப்போம்.

அதற்கு எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் குடுக்கையைத் தானே கட்டக் கூடாது. கூட வருகிறவள்தான் கட்டிவிட வேண்டும். கட்டுமுன் அவள் அதைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. எவ்வளவு ஆசையாய் வந்திருந்தாலும் அந்தக் குடுக்கைக்காரி கரையில்தான் உட்கார வேண்டும்.

அன்று வீட்டில் அகப்பட்டவை இரண்டு. ஒன்று முழுசு. மற்றது தினை விதை போட்டு வைத்துக் காலியானது. அதன் வாயில் தேன்மெழுகு அடைத்திருந்தது. முழுசை அமுக்கிப் பார்த்து அக்காவுக்கு நான் கட்டினேன். மற்றதை அவள் அமுக்கும்போது நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தேன்.

"பாத்தியாக்கா?"

"பாத்துட்டேன் கண்ணு. நல்லாத்தான் இருக்குது. எறங்கு."

இறங்கினேன். நடு மடுவில் முதுகு கனத்தது. வெயிலில் மெழுகு இளகியிருக்கிறது. குடுக்கை தண்ணீர் குடித்து என்னைக் கீழே இழுத்தது. "அக்கா!" என்று கத்திய வாய்க்குள்ளும் தண்ணீர். பக்கத்திலேயே மிதந்தவள் கை நீட்டவில்லை. கரையில் துணி அலசிக்கொண்டிருந்த சின்னம்மா பாய்ந்து வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

"வெதக் குடுக்கையக் கட்டிக்கிட்டா எறங்குவ? கிறுக்காடி உனக்கு?" என்று எனக்குத்தான் அடி விழுந்தது. அக்கா தன் குடுக்கையை அவிழ்ப்பதிலேயே குறியாய் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ரெண்டே ரெண்டு குமிழிதான் கண்ணு வந்துச்சு. சொன்னா நீ முழுசக் கேப்பியேன்னு..."

அடிப்பாவி! நான் எங்கே கேட்கப் போகிறேன்? கரையில் உட்கார்ந்து அவள் மிதப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பேனே!

அடுத்த கோடையில் அவளே ஒரு குடுக்கையைக் கொண்டுவந்து நீட்டினாள். வெட்கமே இல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அமுக்கினேன். ஒரே ஒரு குமிழி வந்தது. குடுக்கையைப் பாறையில் ஓங்கி அடித்து உடைத்தேன்.

"ஓட்டைக்கா."

அவள் நம்பவில்லை. அழுதுகொண்டே ஓடி அம்மாவிடம் சொன்னாள்: "நல்ல குடுக்கைய ஒடச்சுப்புட்டா. போன வருசத்துக்குப் பழிவாங்கறா."

சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.